நீலக்கரை விரிப்பு

மலர்வளையம் வாசலில் சிக்கிக்கொண்டது. முதலாளியின் டிரைவர் ஒரு பக்கமும் இளையவன் ஒரு பக்கமும் பிடித்து எப்படிச் சாய்த்துப் பார்த்தும் அது உள்ளே நுழைவதாக இல்லை.

"உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்கண்ணே."

"தூக்கினா பூ உதிருது தம்பி. பெருசா வாங்குன்னு ஐயா சொல்லிட்டாரு. வீட்டு வாசல் அளவு அவருக்கு எங்க தெரியும்?"

"நேத்து எங்கப்பாவே சாஞ்சுதான் உள்ள வந்தாரு" என்றான் இளையவன்.

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் டிரைவர் செருமினார். கடைசியில் வளையத்தை வெளிச்சுவரில் சாத்திவிட்டு, அதன் பட்டு நாடாவை மட்டும் அவிழ்த்துக் கொண்டுவந்து அப்பாவின் பெட்டியின் மேல் குறுக்கே போட்டார்கள். பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது: 'எங்கள் குடும்பத்தின் மூத்த உறுப்பினருக்கு'.

பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த அக்கா அதை வாசித்தாள். சூடானதை வாயில் போட்டவள்போல அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இளையவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்பா வேலை பார்த்தது சலவை ஆலையில். ஊரிலுள்ள ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் அங்கேதான் வரும். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். வேனிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் தூக்கி, அவிழ்த்து, ரத்தம் பட்டது தனி, வாந்தி பட்டது தனி என்று பிரிப்பது அழுக்குப் பக்கத்து வேலை. முதுகில் பலமுள்ள பையன்கள் பார்க்கிற வேலை அது. அப்பா காலமெல்லாம் சுத்தப் பக்கத்தில், இஸ்திரி உருளையில் ஈர விரிப்பை ஏற்றுகிறவர். இளையவன் அதே ஆலையில் வேன் ஓட்டினான்.

போன மாதம் அப்பாவை அழுக்குப் பக்கம் மாற்றினார்கள். நேற்றுப் பிற்பகல் பாதி அவிழ்த்த மூட்டையில் கையை ஊன்றி உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். மூட்டை மேல் சாய்ந்து கண்ணயர்வது அங்கே வழக்கம் என்பதால் யாரும் எழுப்பவில்லை. டீ கொண்டுபோனவன் தொட்டுப் பார்த்துத்தான் கத்தினான். உருளையில் அவருக்கு எதிர்ப்புறம் வருஷக்கணக்காக நின்ற பெண்தான் முதலில் ஓடிவந்தாள். எதற்கெடுத்தாலும் 'உஸ்' என்று சீறுவதால் ஆலையில் அவளுக்கு நீராவி என்று பெயர். சுத்தப் பக்கத்து அடுக்கிலிருந்து நீலக்கரை போட்ட ஓட்டல் விரிப்பு ஒன்றை உருவிவந்து அவள்தான் அவரை மூடினாள். அந்த விரிப்போடுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த விரிப்போடுதான் வீட்டுக்கும் வந்தார்.

காலையில் அம்மா அதைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அழுதுகொண்டே துவைத்தாள், அவ்வளவுதான்.

"அப்பா ஏன்டா அழுக்குப் பக்கம் போனாரு?"

விடிந்து வந்து இறங்கியதிலிருந்து அக்கா இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறாள்.

"ஆள் பத்தல."

"உருளை வேலைய விட்டு அவர் தானா போக மாட்டாரு."

"எல்லாரையும் மாத்தி மாத்திப் போடுறாங்கக்கா. அப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவளுடைய செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

"இன்னைக்கு வர முடியாதுங்க... இல்லைங்க, போன்லயும் முடியாது. ரெண்டு நிமிஷம்கூட முடியாது. வீட்ல ஒரு சாவு." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "எங்கப்பா... நன்றி. இல்ல, வேற புரொபசர் நம்பர் எதுவும் இப்ப என்கிட்ட இல்ல."

டிவிக்காரர்கள். ஒரு மாதமாக இதே பாடுதான். அக்கா தொலைவில் ஒரு ஊரில் நிர்வாகப் படிப்புக் கல்லூரியில் பேராசிரியை. ஆலை ஆலையாக ஏறி இறங்கி, வேலைக்காரர்களிடம் பேசி, அவள் ஒரு ஆராய்ச்சி செய்திருந்தாள். தொழிலாளியைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் அவன் கூலி இல்லாமல் கூடுதல் நேரம் நிற்கிறான், சம்பள உயர்வு கேட்கக் கூசுகிறான், காய்ச்சலில் லீவு போட்டாலும் திருடியவன்போலத் தலை குனிகிறான் என்பது அதன் சாரம். செய்தித்தாளில் அரைப் பக்கம் வந்தது, அவள் படத்தோடு.

அந்த அரைப் பக்கத்தை அப்பா கத்தரித்துக் கொண்டுபோய் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். விரல் வைத்து வருகை பதிகிற இயந்திரத்துக்கு மேலே, 'நாம் ஒரே குடும்பம்' என்று சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே. ஒரு நாள் முழுக்க அது அங்கேயே இருந்தது. அடுத்த வாரமே அப்பாவை மாற்றிவிட்டார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாற்போல என்று இளையவன் அன்று வீட்டில் குதித்தான். "அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியாப்பா? படிச்சுப் பாத்துட்டுத்தான் ஒட்டுனியா?" அப்பா காலில் எண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தார். "போட்டோல எம் பொண்ணு நல்லா இருக்கால்ல?" அவ்வளவுதான் பதில். பெருமையில் கண் தெரியாத மனுஷன், எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து ஒட்டியிருக்கிறார் என்று இளையவன் தலையில் அடித்துக்கொண்டான். அக்காவுக்கு இது தெரியக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தான். நேற்றிலிருந்து அந்த முடிவு கல்லாக நெஞ்சில் கிடந்தது. தெரிந்தால் அவள் இனி ஒரு வரி எழுதமாட்டாள். எழுதினாலும் ஒவ்வொரு வரியிலும் அப்பா மூட்டை தூக்குவார்.

முதலாளி வந்தார். வெளுத்த சட்டை, மெதுவான நடை. பெட்டி முன் தலைகுனிந்து நின்றுவிட்டு அக்காவிடம் வந்தார்.

"உங்கப்பா எங்களுக்கு வேலைக்காரர் இல்லம்மா. வீட்டுப் பெரியவர் மாதிரி."

அக்கா எழுந்து நின்றாள்.

"உங்க கட்டுரைய நானும் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா எல்லா இடமும் அப்படிக் கிடையாதும்மா."

"எங்க படிச்சீங்க?"

இளையவன் நடுவில் புகுந்தான். "ஐயா, நாற்காலி போட்டிருக்கு, உக்காருங்க."

"நம்ம போர்டுலதான் இருந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே முதலாளி நாற்காலியைப் பார்த்து நடந்தார்.

அக்கா இளையவனின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் மண்டையில் குட்டுவதற்கு இப்படித்தான் இழுப்பாள்.

"போர்டுல யார் ஒட்டினது?"

அவன் அடுப்பைப் பார்த்தான். அதன் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பால் ஏடு கட்டிக் கிடந்தது.

"நான்தான்."

"நீயா?"

"ஆமா. சும்மா. அவங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு."

"நீ ஒட்டினதுக்கு அப்பாவ ஏன்டா மாத்தினாங்க?"

"வேன் ஓட்ட வேற ஆள் இல்லையே."

பொய் இவ்வளவு எளிதாகப் பொருந்தும் என்று அவனே நினைக்கவில்லை. அக்கா அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் கையை விட்டாள்.

"நான் ஊர் ஊராத் திரிஞ்சு எழுதினது உனக்கு விளையாட்டாடா?" என்றாள். "அந்த மனுஷன் முதுகுல ஒட்டி விளையாடியிருக்க."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது முதலாளி முன்வந்து இளையவனுக்கு அடுத்தாற்போல் தோள் கொடுத்தார். வாசலிலிருந்து வண்டிவரைக்கும்தான். டிரைவர் செல்போனில் படம் பிடித்தார். முதலாளி நல்ல உயரம். அதனால் அவர் நின்ற இடத்தில் பெட்டி மேலேறி, பாரமெல்லாம் எதிர்ப்பக்கத்தில் குட்டையாக இருந்த, அழுக்குத் துணி பிரிக்கிற பையன்மேல் சரிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

இடுகாட்டில் மண் ஈரமாக இருந்தது. ஆளுக்கொரு கை போட்டார்கள். அக்கா தள்ளி நின்றாள். ஓரத்துக் குழாயில் இளையவன் கை கழுவும்போது நீராவி பக்கத்தில் வந்து நின்றாள். இஸ்திரிச் சூட்டில் வெந்து தழும்பேறிய முன்கைகள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு அந்தப் படம் போர்டுல வரும் பாரு. ஐயா தோள் கொடுக்குற படம்."

"வரட்டும். அப்பா ஒட்டின இடம் காலியாத்தானே கெடக்கு" என்றான் கசப்பாக. "நல்லா ஒட்டினாரு. படிக்காம கிடிக்காம."

"உஸ்! யாரு படிக்காம?"

குழாயை மூடினாள்.

"டீ நேரத்துல எங்க எல்லாரையும் உக்கார வச்சு ரெண்டு தடவ படிச்சாருடா உங்கப்பா. நடுவுல ஏதோ ஒரு வார்த்த வாயில நுழையல, அத மட்டும் தாண்டிட்டாரு. 'ஆலை பேரப் போடல, ஆனா நம்மளத்தான் எழுதியிருக்கா'ன்னாரு. நான் சொன்னேன், யோவ் பெருசு, ஒட்டாதய்யா, வயித்துல அடிப்பானுங்கன்னு. கேட்டாத்தானே? 'இத்தன வருசமா அவங்க செவுத்துல எழுதினத நான் படிச்சேன்ல, ஒரு நாளைக்கு அவங்க படிக்கட்டும்'னாரு."

இளையவன் ஈரக் கையோடு நின்றான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. 'என்னோட சேத்து அவனையும் மாத்திடக் கூடாது, அவன் வண்டிச் சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்'னாரு."

தூரத்தில் அக்கா வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். குழிமேட்டைப் பார்த்தான். அங்கே மண்வெட்டிக்காரர் மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். 'நான்தான்' என்று அடுப்படியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது. இப்போது செத்தவரின் சட்டைப்பையில் கைவிட்டுத் திருடியதுபோல இருந்தது.

"இன்னொன்னுப்பா" என்று நீராவி இழுத்தாள். "கேக்கவே நாக்கு கூசுது. அந்த பெட்ஷீட்டு... ஓட்டல்காரன் பொழுது சாய எண்ணி எடுப்பான். நான் உருவினது எல்லாரும் பாத்தது."

"அம்மா துவைச்சுப் போட்டிருக்கு. வீட்டுக்கு வாங்கக்கா, தரேன்."

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கொல்லைக் கொடியில் விரிப்பு காய்ந்து விறைத்துக் கிடந்தது. உள்ளே துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருக்க, நீராவி நிலைப்படியில் பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். இளையவன் விரிப்பை உருவினான். ஓட்டல் கட்டில் அளவு. ஒருவனால் மடிக்க முடியாது.

"அக்கா. ஒரு கை பிடி."

அவள் வந்தாள், முகத்தைப் பார்க்காமல். இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள். சின்ன வயதில் இருவரும் இப்படி வீட்டுத் துணி மடித்ததுண்டு. ஒருவர் வெடுக்கென்று இழுக்க, எதிராளி கை நழுவினால் தோல்வி. அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

"அடுப்படியில நான் சொன்னது பொய்" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒட்டினது அப்பாதான்."

விரிப்பு நடுவில் தொய்ந்தது. ஒரு காகம் துணிக்கொடிக் கம்பத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போனது.

"படிச்சிட்டா ஒட்டினாரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ. டீ நேரத்துல. எல்லாரையும் உக்கார வச்சு."

அக்கா நிலைப்படியைப் பார்த்தாள். நீராவி ஆமென்று தலையாட்டிவிட்டுப் பையின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

ரொம்ப நேரம் அக்கா அந்த இரண்டு முனைகளையும் பிடித்தபடியே நின்றாள். உள்ளே அவளுடைய செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாள். 'சட்' என்று ஓசை எழுந்தது. இளையவன் கை நழுவவில்லை. இன்னொரு இழுப்பு, இன்னும் பலமாக. துணியிலிருந்த சுருக்கமெல்லாம் போய்விட்டது.

நடந்து வந்து அவளுடைய முனைகளை அவன் கையில் சேர்த்தாள். கீழே தொங்கிய மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி வந்தாள். சின்னதாகிக்கொண்டே வந்தது விரிப்பு. கடைசி மடிப்பில் நின்று பார்த்தாள்.

"நீலக்கரை உள்ள போயிடுச்சுடா."

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றாள் நீராவி. "துணி வந்தாப் போதும்."

"கரை வெளியில தெரியணும்னு அப்பா சொல்வாரு."

மடித்ததைப் பிரித்தாள். இரண்டு முனைகளை இளையவனிடம் நீட்டிவிட்டு, மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைச் சுவர்வரைக்கும் பின்னால் போய் நின்றாள்.