அஷார்-2 நிலையத்தில் பத்து நொடி இருட்டு

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கால் மணி நேரத்தில் உம்மு முனாஃப் அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டக் கடைக்குள் வந்துவிடுவார். கறுப்பு அபாயா அங்கியின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, எட்டுக் கம்ப்யூட்டர்களில் நான்காவதற்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவர் தலை தெரிந்ததும் பையன்கள் வாயிலிருக்கும் கெட்ட வார்த்தைகளை விழுங்கிக்கொள்வார்கள். பஸ்ராவின் ஆகஸ்ட் வெயிலில், துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டே வாயையும் அடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

"ஆரம்பிச்சாச்சா ராசா?"

"இப்பத்தான் பெரியம்மா. இன்னும் மூணு நிமிஷம்" என்பான் கடைக்காரன் சர்மத்.

"டேய் கர்ரார், பெரியம்மா காத்துக்கிட்டிருக்காங்க. அதுக்குள்ள செத்துத் தொலையாத" என்று முஹைமன் சீண்டுவான்.

"யாரு சொல்றது பாரு! ஆட்டம் ஆரம்பிச்சதும் சாகறதுக்குன்னே பொறந்தவன்டா நீ."

சொன்ன வேகத்தில் இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். உம்மு முனாஃப் காதில் வாங்காதது போலத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

திரையில் இருப்பது பூமியைச் சுற்றும் ஒரு விண்வெளி நிலையம். அஷார்-2 என்று பெயர். சர்மத்தும் அவன் சிநேகிதன், உம்மு முனாஃபின் மகன் முனாஃபும் ஒன்றரை வருடம் உயிரைக் கொடுத்து உருவாக்கிய ஆட்டக் களம். பக்கத்துக்கு ஐந்து பேர், குறுகலான நடைவழிகள், கண்ணாடித் தரைக்குக் கீழே நீலமாகப் பூமி. மூன்று நிமிடத்துக்கொரு தடவை நிலையம் பூமியின் நிழலுக்குள் போகும். விளக்குகள் எல்லாம் அணையும். பத்து நொடி கழித்து மாற்று லைனில் மறுபடி எரியும். இது முனாஃபின் யோசனை. "வானத்துல வீடு கட்டினாலும் நம்மாளுக்குக் கரண்ட் கட்டுதான்டா" என்று சொல்லிச் சிரித்தான். இணையத்தில் வந்து சேரும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அந்த இருட்டில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் பையன்களுக்குத்தான் பிறந்ததிலிருந்து அது பழக்கமாயிற்றே! விளக்கு வருவதற்குள் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருப்பார்கள்.

விளக்கு வரும்போது நிலையத்தின் ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்கும். "வந்தாச்சு! வந்தாச்சு!"

அது முனாஃபின் குரல். பஸ்ராவில் கரண்ட் வரும்போதெல்லாம் தெருவே சேர்ந்து போடும் அதே கூச்சலைத்தான் ஒரு நாள் சர்மத்தின் போனில் கத்திப் பதிவு செய்தான். அதைக் கேட்டதும் உம்மு முனாஃப் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "இன்னொரு தடவை வருமில்ல?" என்பார்.

முனாஃப் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வரும் ஒயர் கம்பத்தில் கருகிப்போயிருந்தது. கரண்ட் போய்விட்டது, இன்னும் இரண்டு மணி நேரம் வராது என்று ஊருக்கே தெரியும். ஏணி வைத்து ஏறினான். இந்த ஊரில் யார்தான் ஏறவில்லை? கீழே ஏணியைப் பிடித்திருந்த சர்மத், குறடு வாங்கி வரலாமென்று எதிரிலிருந்த ரொட்டிக்கடைக்குப் போனான். அந்த நேரம் பார்த்து கடையில் பல்பு எரிந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வராத சனியன், அன்றைக்கு முன்கூட்டியே வந்தது.

"வந்தாச்சு!" என்று சர்மத் கத்தினான். யோசித்துக் கத்தவில்லை. வயிறு பசிப்பது போல அது தானாக வருவது. தெருவில் முதல் குரல் அவனுடையதுதான். மற்றவர்கள் அப்புறம்தான் சேர்ந்துகொண்டார்கள். கத்தி முடித்த பிறகுதான் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தான்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், ஏணியை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருந்தேன் என்று மட்டும் சொன்னான். தலைக்கு மேலே சிநேகிதன் துடித்துக்கொண்டிருக்க, தான் கீழே கும்மாளம் போட்டதை எந்த வாயால் சொல்வது?

ஆட்டத்துக்குள் முனாஃபின் குரல் இருக்கிறதென்று இரண்டு மாதத்துக்கு முன் கர்ராரின் அம்மா சொல்லித்தான் உம்மு முனாஃபுக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து வருகிறார். மகனை அடக்கம் செய்த கபர் நஜஃபில் இருக்கிறது, காரில் ஆறு மணி நேரம். கடை ஆறு வீடு தள்ளி. பெற்ற மனசு, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று சர்மத் நினைத்தான். அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், வராதீர்கள் என்று சொல்ல அவனால் முடியவில்லை.

ஒரு நாள் அந்தக் குரலை மட்டும் தனியாக எடுத்து அவர் போனில் போட்டுத் தருவதாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார்.

"தனியா வேணாம் ராசா. இரைச்சலுக்கு நடுவுலதான் கேக்கணும்."

அவனுக்குப் புரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பின்னால் தேநீர் போடும் சின்ன அறைக்குள் போய் நின்றார்.

"கதவைச் சாத்துப்பா. சத்தத்தை நல்லாக் கூட்டி வை."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்மத் கதவைச் சாத்தினான். நிலையம் இருண்டது. பத்து நொடி. துப்பாக்கிச் சத்தம், பையன்களின் கூப்பாடு, அதற்கு மேலே முனாஃபின் குரல். கதவு திறக்கவில்லை. இரண்டாவது இருட்டு, மூன்றாவது இருட்டு. ஆட்டம் முடிந்ததும் சர்மத் உள்ளே போனான். அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அன்னைக்கு நான் அடுப்படியில மீன் கழுவிக்கிட்டிருந்தேன்" என்றார். "தெருவுல இருந்து 'வந்தாச்சு'ன்னு சத்தம் கேட்டுது. எல்லாருக்கும் முன்னாடி ஒரே ஒரு குரல். அவன் கம்பத்துல ஏறினது தெரியாம, என் புள்ளதான் கத்துறான்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே போய்த் தண்ணி மோட்டாரைப் போட்டேன். தொட்டி ரொம்பற வரைக்கும் அங்கயே நின்னேன்."

சர்மத் பின்னால் கதவைச் சாத்தினான்.

"அவன் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு, கரண்ட் வந்தாச்சுன்னு அலறினானோ? என்னைக் காப்பாத்தும்மான்னு கூப்பிட்டானோ? நான் பாட்டுக்கு மோட்டாரைப் போட்டுட்டு நின்னேனே! ராத்திரி படுத்தா இதுதான். எந்திரிச்சா இதுதான். அதான் தெனம் வந்து கேக்குறேன். அன்னைக்குக் கேட்ட குரலும் இந்தக் குரலும் ஒண்ணான்னு பாக்குறேன். ஒரு நாள் ஒண்ணுன்னு தோணுது, ஒரு நாள் இல்லைன்னு தோணுது. நீ அங்கதானே இருந்தே. சொல்லு ராசா. மொதல்ல கத்தினது என் புள்ளையா?"

ரொட்டிக்கடைக்காரர் என்று சொல்லிவிடலாம். தெருவில் போன யாரோ என்று சொல்லிவிடலாம். அவர் நம்பினாலும் நம்பிவிடுவார். ஆனால் யாரோ என்றால் அது யார் என்று இன்னொரு பதினொரு மாதம் தேடுவார். சர்மத் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான்தான் பெரியம்மா."

அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"ரொட்டிக்கடையில பல்பு எரிஞ்சுது. நான்தான் கத்தினேன். அவன் மேல இருக்கான்கிறதே அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் இல்ல. கத்திட்டுத்தான் நிமிர்ந்து பாத்தேன்."

"அப்ப அவன்..."

"அவன் வாயைத் தொறக்கவே இல்ல. கூப்பிட அவனுக்கு நேரமே கெடைக்கல. சத்தியமா."

"என்னைக் கூப்பிடல?"

"கூப்பிடல பெரியம்மா."

உம்மு முனாஃப் அடுப்பு மேடையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அல்லாவுக்கு நன்றி, நன்றி என்று முணுமுணுத்தார். இரண்டு மாதமாக அந்தக் கடையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அன்றைக்கு வாய்விட்டு அழுதார். வெளியே பையன்கள் அடுத்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சர்மத் அவர் சாபத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். சொல்லப்போனால் யாராவது அடிக்க மாட்டார்களா என்றுதான் இத்தனை மாதமும் காத்திருந்தான்.

வெகுநேரம் கழித்து அவர் அபாயாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபத்தைத் தேடிப் பார்த்தான், இல்லை. களைப்புதான் இருந்தது.

"எவ்வளவு சந்தோஷமாக் கத்தினே தெரியுமா கண்ணு?" என்றார். "அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதனாலதான் என் புள்ளைன்னு நெனச்சுட்டேன்."