நிற்காத லாரி

அம்மா இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டினாள். பணி ஓய்வு பெற்ற முதல் வாரம் தூங்கினாள். இரண்டாம் வாரம் வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள். மூன்றாம் வாரம் அப்பா தண்ணீர் குடிக்கும் விதத்தில் குறை கண்டுபிடித்தாள். நாலாம் மாதம் ஒரு நாள் காலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், ராணுவத்தின் பழைய டீசல் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பினாள்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எந்தப் பொருளையும் இரண்டே விரலால் தொட்டுப் பழகியவர். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "ஓடுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"ஓடினா அவங்க ஏன் விக்கிறாங்க?" என்றாளாம் அம்மா.

எல்லாவற்றுக்கும் காரணம் நான். நானும் என் கணவரும் தேனீ வளர்க்கிறோம். அறுபது பெட்டி. மலைச்சரிவில் பழமரங்கள் பூக்கும் ஐந்து வாரத்தில் கிடைப்பதுதான் எங்களுக்கு வருடத்துத் தேன். அதற்கு முந்தின வருடம் வாடகை லாரி பாதி மலையில் சேற்றில் புதைந்துபோக, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோனோம். காத்திருந்த பெட்டிகளில் ஏழு வெயிலில் வெந்து போயின. நான் அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் ரகம் இல்லை அம்மா. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் அந்தப் பாதைக்குத் தோது என்று எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டாள். லாரி வந்தபோது பூப்பதற்கு எட்டு வாரம் இருந்தது.

வந்தது என்று சொல்லக் கூடாது, கட்டி இழுத்து வந்தார்கள். இழுத்து வந்த பிறகுதான் அது வாசல் கேட்டைவிட இரண்டு சாண் அகலம் என்று தெரிந்தது. அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் அம்மா உள்ளே போய்ச் சம்மட்டியோடு திரும்பி வந்து, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரைத் தானே இடிக்க ஆரம்பித்துவிட்டாள். மதியத்துக்குள் லாரி வீட்டின் பக்கவாட்டில் நின்றது. அன்றிலிருந்து சமையலறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, பச்சைத் தகரம்தான் தெரியும்.

சீட்டெல்லாம் எலி கடித்த பஞ்சு. தரைத் தகட்டில் ஓட்டை விழுந்து கீழே புல் தெரிந்தது. டீசல் டேங்கின் அடியில் கறுப்பாகக் களி மாதிரி ஏதோ படிந்திருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி, இன்ஜின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்ததுதான். நான் வாரத்துக்கு மூன்று நாள் போய் அம்மாவோடு சேர்ந்துகொண்டேன். ஆறு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டோம். தினமும் காலையில் அம்மா இன்ஜினின் முன்பக்கம் ஆளுயரக் கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்ப்பாள். அசையாது. "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுத் தரைத் தகட்டுக்குப் போய்விடுவாள். பதினோராம் நாள் கம்பி ஒரு விரல் அளவு நகர்ந்தது. அம்மா கத்தவில்லை, குதிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, கிரீஸ் கையோடு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் இரண்டு பேட்டரி வாங்கி மாட்டினோம். இன்ஜின் சுழன்றது. இருமியது. வெள்ளைப் புகை விட்டது. ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் முழுக்க அதே கதை. பஸ்ஸை எப்படி ஓட்டுவது என்று அம்மாவுக்குத் தெரியும், அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. பூப்பதற்கு நாலு வாரம்தான் இருந்தது.

டீசல் இன்ஜினைக் கரைத்துக் குடித்த ஆள் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். என் சித்தப்பா. அம்மாவின் தங்கை கணவர், பெரிய மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். ஆனால் அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்து நாலு வருடம் ஆகியிருந்தது. என் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பேசும்போது, "எங்க சகலை கையில ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தா அதை வச்சு காபி கலக்குவாரு" என்று சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். அப்பா அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, சத்தம் நின்றுவிடும்.

அதனால் அம்மா சித்தப்பாவின் பேரை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அப்பா கடையைப் பாதி நேரத்தில் பூட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைச் சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். அப்பா ஜெனரேட்டர் அறை வாசலில் நின்று, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கௌரவமான வாக்கியங்களை மெதுவாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. காதருகே கையை வைத்து, என்ன என்று சைகை காட்டியிருக்கிறார். அப்பா சுருக்கமாகவும் கொஞ்சம் சத்தமாகவும் சொன்னார். அதுவும் விழவில்லை. கடைசியில் அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினார். சரியாக அந்த நொடியில் மின்சாரம் வந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

"சகலை, நீங்க இல்லாம முடியல, வீட்டுக்கு வாங்க!"

மருத்துவமனை வராந்தா முழுக்க அந்த ஒரு குரல்தான். இரண்டு நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "இதோ வரேன்" என்றாராம்.

அன்று மாலையே கருவிப்பெட்டியோடு வந்தார். அம்மாவிடம், "அக்கா, வண்டி சின்னதா பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. இருவருமே லாரியைப் பார்த்தபடி லாரியிடம் பேசிக்கொண்டார்கள்.

டீசலைத் தூவிவிடும் நாசில்களைக் கழற்றிப் பார்த்த சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். ஆறும் அடைத்திருந்தன. புதிது வரவழைக்க இரண்டரை மாதம் ஆகும், அதற்குள் பூவெல்லாம் காயாகிவிடும். அம்மா அப்படியே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஒரு நாசிலை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஆறையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் மதியம் வரை கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, முடியைவிட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்திருக்கிறார். ஒரு நாசிலுக்கு நாலு துளை. கண்ணாடி வாங்க வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். சித்தப்பா முதல் நாசிலைச் சோதனைப் பம்பில் மாட்டி அழுத்தினார். டீசல் சென்ட் அடித்த மாதிரி பனியாகப் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, ஆறும் அப்படியே. சித்தப்பா பம்பை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சகலை."

அப்பா நாசிலைத் துடைத்தபடி சொன்னார்: "நல்ல ஜோக்குதான். வேற யாரைப் பத்தியாவது சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா அழுகையாலா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டினோம். குழாய்களில் காற்று பிடித்திருந்ததால் அதை வெளியேற்ற வேண்டும். சித்தப்பா கைப்பம்பை அழுத்த, அப்பா ஒரு திருகைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு குமிழி வருகிறதா என்று பார்த்துச் சொன்னார். "வருது. வருது. இன்னும் வருது. நின்னுடுச்சு." அம்மா டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு அந்தக் கிழட்டு இன்ஜின் பற்றிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் கைதட்டினேன். ஆனால் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அம்மா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன் என்று சைகை காட்டினாள். ஏறுவது நிற்கவில்லை. சித்தப்பா பம்பின் பக்கத்திலிருந்த நிறுத்தும் நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். அதற்கும் அடங்கவில்லை. பல வருடம் சும்மா கிடந்த பம்புக்குள் ஏதோ முழு வேகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் இன்ஜின் சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. கரும்புகை தெருவை மூடியது. எதிர்வீட்டில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. வண்டியே பிய்த்துக்கொண்டு பறந்துவிடும்போல ஆடியது.

"காத்தை அடைங்க! எதையாவது வச்சு அடைங்க!" என்றார் சித்தப்பா.

எங்களுக்கெல்லாம் கால் ஓடவில்லை. ஓடியவர் அப்பா. சமையலறைக்குள் போனவர் காய் வெட்டும் பலகையோடு வந்தார். அதன்மேல் பாதி நறுக்கிய வெங்காயம் அப்படியே இருந்தது. நேராக இன்ஜின்மேல் சாய்ந்து, காற்று போகும் வாயின்மேல் பலகையை அறைந்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். இன்ஜின் பலகையை உறிஞ்சிப் பிடித்தது. ஒரு முனகல், ஒரு குலுக்கல். நின்றது.

அப்பாவின் தலையெல்லாம் வெங்காயம். கண்ணாடி முழுக்கக் கரி, அதற்குப் பின்னால் கண் இருப்பதே தெரியவில்லை. அம்மா சீட்டிலிருந்து இறங்கி வந்து, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டாள். "இப்ப தெரியுதா?" என்று கேட்டாள். "அழகா தெரியுது" என்றார் அப்பா, அவளைப் பார்த்து. சித்தப்பா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்வீட்டு வேட்டிகளை அம்மாவும் சித்தியும் இரண்டு நாள் துவைத்துக் கொடுத்தார்கள்.

பம்பைக் கழற்றிச் சரிசெய்தார்கள். பிரேக், டயர், தரைத் தகடு என்று மிச்ச வேலை மூன்று வாரம் பிடித்தது. சித்தப்பா தினமும் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சகலைகள் இருவரும் இன்ஜினுக்குள் தலையை விட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. வண்டி ஓட்டத் தகுதியானதுதான் என்று சோதனைச் சான்றிதழ் கிடைத்ததும், அம்மா அதை என் கையில் கொடுத்து இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மலைக்குப் போன நாள் விடியலில் அறுபது பெட்டிகளையும் கட்டி ஏற்றினோம். போன வருடம் சிக்கிய இடத்தில் சேறு இந்த வருடமும் முழங்கால் ஆழம் இருந்தது. அம்மா வண்டியை நிறுத்தி, இறங்கி, சேற்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஏறினாள். நாலு சக்கரத்துக்குமான கியரைப் போட்டாள். பேருந்தில் கர்ப்பிணி ஏறியிருந்தால் எப்படி ஓட்டுவாளோ அப்படி, நத்தை வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் அந்தச் சேற்றைத் தாண்டினாள். பின்னால் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் விசிலடித்தார். நான் அழுதேன். இந்தத் தடவை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து.

மேலே சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பெட்டிகளை இறக்கி வாயில்களைத் திறந்துவிட்டதும் தேனீக்கள் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி இடத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு பூக்களுக்குள் கலந்துவிட்டன. அம்மா லாரியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் ஒருவர் வந்து லாரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். மேல் தோட்டத்தில் வெட்டிய மரம் ஆறு மாதமாகக் கிடக்கிறது, எந்த வண்டியும் ஏற மாட்டேன் என்கிறது, கீழே போகும்போது கொண்டுபோக முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா எங்கள் யாரையும் கேட்கவில்லை. மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"ஏறுங்க, வழி காட்டுங்க" என்றாள்.