வேண்டாம் விலை

1

இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

போன ஏப்ரலில் என் புல்வெட்டி படுத்துவிட்டது. ஒஹாயோவில் அந்த மாதம் புல்லுக்கு வெறி பிடித்த மாதம். திங்கட்கிழமை வெட்டினால் சனிக்கிழமை கணுக்காலைத் தொடும். எதிர்வீட்டுக்கு வாராவாரம் புல் வெட்ட வரும் டுவேனைக் கூப்பிட்டேன். (அவர் உண்மைப் பெயர் டுவேன் இல்லை. அவருடைய மைத்துனர் வக்கீல்.) ஐம்பத்தெட்டு வயது, தொப்பிக்குக் கீழே வெயிலில் சிவந்த காதுகள். என் வீட்டை ஒரு சுற்று சுற்றினார். பின்பக்கக் கேட்டைத் திறந்து மூடினார். என் மனைவியின் பதினேழு வெண்டைக்காய்த் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரு தடவைக்கு நூத்தி நாப்பது டாலர் ஆகும் சார்."

"சரி," என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. பேரம் பேசாததில் வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னதும் பக்கத்து மேசை கிரெட்சன் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அட கடவுளே, அது விலையே இல்லப்பா! உன் வேலை வேண்டாம்னு அர்த்தம். இங்க யாரும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. நீயே ஓடிப்போற மாதிரி ஒரு விலையச் சொல்வாங்க. அதுக்குப் போய் சரின்னு சொன்ன மொத ஆளு நீதான்!"

இப்படித்தான் 'வேண்டாம் விலை' எனக்கு அறிமுகமானது. சொன்னவராலும் பின்வாங்க முடியவில்லை, ஒப்புக்கொண்டவனாலும் பின்வாங்க முடியவில்லை. ஒரு வருடமாக, பனிக்காலம் போக, டுவேன் வியாழன்தோறும் வருகிறார். வாங்கும் பணம் உறுத்துவதால் ஓரங்களைக் கத்தியால் நறுக்கியதுபோல் சீர் செய்கிறார், வாசலைப் பெருக்குகிறார், ஒருமுறை கேட்காமலே தபால் பெட்டியின் காலை நிமிர்த்தி நட்டார். எங்கள் தெருவிலேயே அழகான புல்தரை என்னுடையதுதான். என் மனைவி மட்டும் ரசம் ஊற்றும்போதெல்லாம் "நூத்தி நாப்பது" என்று சொல்லிவிட்டு ஊற்றுகிறாள்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் மல்லுக்கட்டினேன்.

(அ) டுவேன் டிரக்கைக் கிளப்பியபோது வானம் ஒரு

[வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. விட்டேன்.]

(ஆ) விலை என்றால் என்ன? மனிதன் முதன்முதலில் பண்டம் மாற்றிய அந்தத் தொல்பழங்

[மனிதகுலம் முழுவதையும் இழுத்து வர என்ன கூலி தருகிறார்கள் எனக்கு? போன கதைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள். அதில் ஒன்றில் என் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. படித்தவர்கள் அந்தப் பிரதியைத்தான் பாராட்டினார்கள்.]

(இ) ஒரு புல்தரையின் விலை அதன் பரப்பில் இல்லை.

இது உண்மை என்பதால் நிற்கட்டும். பெரிய தோட்டத்துக்குப் பெரிய விலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டுவேன் முதலில் பார்ப்பது கேட்டை. அவருடைய பெரிய புல்வெட்டி வண்டி ஐந்தடி அகலம். கேட் அதைவிடக் குறுகல் என்றால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, சின்ன எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்; இருபது நிமிட வேலை ஐம்பதாகிவிடும். அடுத்து, சுற்றிப்போக வேண்டியவை: மரம், ஊஞ்சல், களிமண் குள்ளர் பொம்மைகள், வெண்டைக்காய். அப்புறம் சரிவு. அப்புறம் நாய், அது விட்டுவைத்திருப்பது. அப்புறம் முந்தைய வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது, ஏனென்றால் ஓட்டும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. கடைசியாக, ஜன்னலில் நின்று வேலையைக் கண்காணிக்கிறவர் யாராவது உண்டா என்பது. இருந்தால் பதினைந்து டாலர் கூடுதல். இதற்கு 'ஜன்னல் வரி' என்று பெயர்.*

* இதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டில் வியாழக்கிழமைகளில் திரை மூடியே இருக்கும்.

3

இதுவரை கதை இல்லை, கட்டுரைதான் என்று எனக்கும் தெரியும். கதை போன வியாழன் வந்தது.

டுவேன் புல்வெட்டி வண்டியை ஏற்றிவரும் டிரெய்லரின் சரிவுப்பலகையில் உட்கார்ந்து பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டுப் புல்லையே பார்த்தார்.

"ராஸ்கோ பொண்டாட்டி நோரீன் கூப்பிட்டா. அவங்க வீட்டுப் புல்லுக்கு விலை சொல்லணுமாம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"ஒன்பது வருஷமா நானும் அவனும் பேசிக்கறதில்ல சார்."

ராஸ்கோவும் டுவேனும் கூட்டாகத் தொழில் தொடங்கியவர்கள். பதினெட்டு வருடம் ஒரே டிரக். விலை போடுவதில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்தில் ஒருவர் இடப்பக்கமாகச் சுற்றுவார், மற்றவர் வலப்பக்கமாக. தனித்தனித் தாளில் விலை எழுதி, டிரக்கின் முகப்பில் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து டாலருக்குள் இருந்தால் அதுவே விலை. அதற்கு மேல் போனால் இருவரும் சேர்ந்து மறுபடி நடக்க வேண்டும். யார் கண்ணில் எது தப்பியது என்று தெரியும்வரை நடக்க வேண்டும். வேண்டாம் விலையையும் அவர்கள்தான் இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்களாம். (டுவேன் சொன்னது. நான் விசாரிக்கவில்லை.)

ஒன்பது வருடம் முன்பு ஊர்க் கல்லறைத் தோட்டத்து வேலை வந்தது. ராஸ்கோவின் தாளில் தொள்ளாயிரம். டுவேனின் தாளில் அறுநூற்று இருபது. மறுபடி நடக்க வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. டுவேன் நடக்கவில்லை. "'உனக்குப் பேராசை'ன்னு சொல்லிட்டேன் சார்," என்றார். அத்தோடு விட்டாரா, அன்று மாலையே தன் தனிப்பெயரில் அறுநூற்று இருபதுக்கு எழுதிக் கொடுத்து வேலையைப் பிடித்துவிட்டார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. நான் நாலு ஏக்கர்னு கணக்குப் போட்டேன். கல்ல எண்ணல."

"எத்தனை கல்?"

"ஆயிரத்து நூறு." ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார். "ஒவ்வொரு கல்லச் சுத்தியும் கையில புடிக்கற டிரிம்மரால வெட்டணும். ராஸ்கோ எண்ணியிருக்கான். ரெண்டு வருஷம் நஷ்டத்துல வெட்டினேன். நீ சொன்னதுதான் சரின்னு போய்ச் சொல்லக்கூட மூஞ்சி இல்ல."

4

இங்கே எனக்கு டுவேன் மேல் சந்தேகம் வந்தது. மனிதராக இல்லை, பாத்திரமாக. கூட்டாளிக்குத் துரோகம் செய்தவரை வாசகர் ஏன் விரும்ப வேண்டும்? அவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாம் என்று பார்த்தேன்:

அன்று டுவேனின் மகளுக்கு அறுவைச் சிகிச்சை, பணம் அவசரமாகத்

[பொய். அவருக்கு மகள் இல்லை. மழையில் நனையச் சோம்பல், தன் கண் தப்பாது என்ற திமிர். அவ்வளவுதான். அவர் மறைக்காததை நான் எதற்கு மறைக்க வேண்டும்?]

ஜனவரியில் ராஸ்கோவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாக்கரைப் பிடித்து மெல்ல நடக்கிறார், பேச்சு குழறுகிறது. ஊர் முழுக்கப் புல் வெட்டியவரின் வீட்டில் இப்போது முழங்கால் உயரப் புல். வாசல் கதவில் நகராட்சி மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறது: அடுத்த வார வெள்ளிக்குள் வெட்டாவிட்டால் அவர்களே ஆள் விட்டு வெட்டி, கூலியை வரியில் சேர்ப்பார்கள். நோரீன் மூன்று பேரிடம் விலை கேட்டாள். மூன்றையும் ராஸ்கோ கசக்கி எறிந்தார். ஒருவன் சாப்பாட்டுக்குக்கூடக் காணாத விலை சொல்கிறானாம், ஒருவன் கேட்டையே பார்க்கவில்லையாம், மூன்றாமவனின் விலை கைப்பேசி படத்தைப் பார்த்தே போட்டதாம். அதன் பிறகுதான் அவருக்குத் தெரியாமல் டுவேனைக் கூப்பிட்டாள்.

"ஒரு நம்பர் சொல்லணும் சார். அவ்ளோதான். ஒன்பது வருஷமா சொல்லாதத அந்த ஒரு நம்பருக்குள்ள எப்படிச் சொல்றது?"

அவருக்கு அந்தப் புல்லை வெட்ட வேண்டும். அந்த வீட்டுக்குள் மறுபடி போக வேண்டும். தப்பான எண் சொன்னால் கதவு மூடிவிடும், பிறகு திறக்காது. எனக்கு அவர்மேல் அப்போதுதான் உண்மையாகவே பாசம் வந்தது. பாசத்தோடு கூடவே, வெட்கமில்லாமல், 'ஆகா, கதை கிடைத்தது' என்றும் வந்தது.

5

ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன். நேற்று மாலை தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன், நாடக பாவத்தோடு.

முடிவு ஒன்று: டுவேன் கூலி வேண்டாம் என்கிறார். இருவரும் கண் கலங்குகிறார்கள்.

"சும்மாவா? வாக்கரத் தூக்கி என் மண்டையில போடுவான்! சும்மா வெட்டறவன் தொழிலக் கெடுக்கறவன்னு ஊரெல்லாம் சொன்ன ஆளு அவன்."

முடிவு இரண்டு: சரியான விலை, ஐம்பத்தைந்து டாலர்.

"அதச் சொல்ல நான் எதுக்கு? யார் வேணா போலாமே."

முடிவு மூன்று: வேண்டாம் விலை. போக மனமில்லாமல் முந்நூறு என்று சொல்லிவிடுகிறார்.

"அதச் சொன்னா அவனுக்கு அந்த நொடியே புரிஞ்சிடும். செத்தாலும் மன்னிக்க மாட்டான்."

"அவரும் என்னை மாதிரி சரின்னு சொல்லிட்டா?"

"உங்கள மாதிரி ஆளு ஊருக்கு ஒருத்தர்தான் இருக்க முடியும் சார்." பிறகு கேட்டார்: "ஆமா, உங்க கதையில பின்பக்க கேட் எவ்ளோ அகலம்?"

எழுத மறந்திருந்தேன். இரண்டாம் பகுதியில் அத்தனை வியாக்கியானம் செய்துவிட்டு, என் கதையில் ராஸ்கோ வீட்டுக்குக் கேட்டே வைக்கவில்லை. கேட்டைப் பார்க்காதவனின் விலையை ராஸ்கோ கசக்கி எறிந்தாரே, என் கதையையும் அப்படித்தான் எறிந்திருப்பார்.

"ஆறடி," என்றார் டுவேன். "அவனே அடிச்ச கேட். நாங்க கூட்டா வாங்கின மொத பெரிய வண்டி உள்ள போகணும்னு அளந்து அடிச்சான். வண்டி என்கிட்ட நின்னுடுச்சு. கேட் அப்படியே இருக்குன்னா நோரீன்."

மூன்று முடிவுகளையும் கிழித்துப் போட்டேன்.

6

இன்று வியாழன். டுவேன் என் புல்லை வெட்டிவிட்டார், தொட்டிகளைச் சுற்றியும் வெட்டிவிட்டார். "என்ன விலை சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். "எடத்தப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார். நான் இதைத் தட்டச்சு செய்யும் நிமிடம் அவர் டிரக் எங்கள் தெருமுனையைத் தாண்டியிருக்கும். ஆகவே இனி வருவது முழுக்கப் புளுகு. உண்மையாகிவிட வேண்டுமென்று நான் ஆசைப்படும் புளுகு.

டுவேன் டிரக்கைத் தெருவிலேயே நிறுத்தினார். நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"காலையில சொல்லிட்டேன். திட்டினான். பேச்சு வரலன்னு பேரு, திட்டு மட்டும் கண்ணாடி மாதிரி வருது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் பென்சில் கேட்டான்."

டுவேன் நடந்தார். புல் முழங்காலில் உரசியது. வலப்பக்கமாக, அதுதான் எப்போதும் அவர் பக்கம். இரண்டு மேப்பிள் மரங்கள், ஒரு பறவைத் தொட்டி, வேலியோரம் சின்னச் சரிவு. பின்பக்கக் கேட்டில் கை வைத்தார். எண்ணெய் போட்டிருந்தது, சத்தமில்லாமல் திறந்தது. இந்தத் தடவை அவர் எல்லாவற்றையும் எண்ணினார். வேலிக் கம்பங்களைக்கூட எண்ணினார்.

முன்பக்கம் வந்தபோது ஜன்னலில் ராஸ்கோ. ஒரு பக்கம் சரிந்த வாய், அதே பழைய முறைப்பு.

"ஜன்னல் வரி சேத்துப்பேன்டா," என்றார் டுவேன்.

ராஸ்கோ ஏதோ சொன்னார். 'கல்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எண்ணிட்டேன்டா. ஆயிரத்து நூறு. அப்பவே எண்ணியிருக்கணும். நீதான் சரி."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம், ராஸ்கோவின் மடியில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. இடக்கையால் எழுதிய அழுத்தம் பின்பக்கம் புடைத்துத் தெரிந்தது, எண் தெரியவில்லை. டுவேன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதினார், ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு எண்களும் எனக்குத் தெரியாது. விலை போடுவதில் என் லட்சணம் உங்களுக்கே தெரியும். நீங்களே எழுதிவிடுங்கள்:

டுவேன் தாளில்: ............ டாலர்.

ராஸ்கோ தாளில்: ............ டாலர்.

வித்தியாசம் ஐந்துக்குள் என்றால் இன்றே டுவேன் புல்லை வெட்டிவிடுவார், கதை முடிந்தது. அதற்கு மேல் என்றால் இருவரும் சேர்ந்து மறுபடி நடக்க வேண்டும். அவசரப்பட்டு எழுதாதீர்கள். வாக்கரோடு அந்தத் தோட்டத்தை ஒரு சுற்று வர ராஸ்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.