காய்ச்சாத மருந்து

பாக்கெட் பாலை மூன்று முறை பொங்கவிட்டுத்தான் பிரிஜெட் அடுப்பிலிருந்து இறக்குவாள். நீலசந்திராவில் அவள் குடியிருந்த வரிசை வீடுகள் முழுக்க அதைச் சொல்லிக் கேலி செய்யும். அதனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் உஷா, "வீட்ல பாலைக் காய்ச்சித்தானே கொடுக்கறீங்க?" என்று கேட்டபோது, யோசிக்காமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

அவள் மகள் ஐரினுக்கு ஆறு வயது. ஒரு மாதத்துக்கும் மேலாக விட்டுவிட்டுக் காய்ச்சல், பிறகு தலைவலி, கடைசியில் வகுப்பிலேயே வலிப்பு. மூளைக்காய்ச்சல், டி.பி.யாக இருக்கலாம் என்று மருந்து தொடங்கியிருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கூப்பிட்டால் பிள்ளை சரியாகத் திரும்புவதுமில்லை.

அன்று மாலை பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து ஆஸ்பத்திரிக்கு வந்த கணவன் ரெமிஜியஸ், சின்ன பாட்டில் ஒன்றை நீட்டினான். பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பா தன் ஆட்டைக் கறந்து கொடுத்தனுப்பியது. நெஞ்சுச் சளிக்கு அதைத்தான் ஐரின் தினமும் குடித்து வந்தாள். அடுப்பில் வைத்தால் சத்து போய்விடும் என்பார் அவர்.

பிரிஜெட் மூடியைத் திறக்கும்போது டாக்டர் வந்து நின்றார்.

"என்ன பால் இது?"

"பால் இல்லீங்க மேடம், மருந்து. சளிக்கு."

"காய்ச்சினதா?"

"மருந்தைப் போய் யாராவது..." டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் பிரிஜெட் மூடியைத் திரும்பத் திருகினாள்.

டாக்டர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்ததை ரெமிஜியஸ் சொன்னதும் எழுந்து, ரத்தத்தை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பினார். புரூசெல்லா என்று பதில் வந்தது. ஆட்டுக்குட்டியைச் சாகடித்த அதே கிருமி, பச்சைப் பாலில் வந்து மூளை வரை போயிருந்தது.

மருந்தை மாற்றியதும் காய்ச்சல் மெல்ல விட்டது. ஐரின் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள். இடது காது மட்டும் கேட்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்று கோவிந்தப்பா வாசலில் நின்றிருந்தார். இடுப்பில் பேத்தி, கையில் அவளுக்காக அப்போதுதான் கறந்த பால். "ஐரினு" என்று இடது பக்கமிருந்து ஆசையாகக் கூப்பிட்டார். பிள்ளை தன் பாட்டுக்கு நடந்து போனது. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு பிரிஜெட்டைப் பார்த்தார்.

அவள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"சத்து போயிடுமேம்மா" என்றார், பின்னாலேயே வந்து.

"போகட்டும்ணா."

பால் மூன்றாவது முறை பொங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.