மிஸ்டு கால்

கோர்ட் ஆர்டர் வந்ததிலிருந்து கிளாரன்ஸ் நீலசந்திரா வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பெண்டாட்டி பிரிஜெட்டை அடித்ததற்காக, வீட்டுக்கு வரக்கூடாது, எந்த விதத்திலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஆர்டர். மீறினால் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்.

அவன் மிஸ்டு கால் மட்டும் கொடுத்தான். ஒரே ரிங். அவள் கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து பஸ் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று, பூட்டைத் திறந்தால் ஒன்று. எங்கேயோ நின்று பார்க்கிறான்.

முன்பெல்லாம் அந்த ஒரு ரிங்குக்கு, வருகிறேன், சோறு போடு என்று அர்த்தம். தட்டு தயாராக இல்லையென்றால் கை நீளும். இப்போதும் ரிங் கேட்டால் அவள் கால் தானாக அடுப்படிக்குப் போனது. அதில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆர்டரை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு மஞ்சுநாத் படித்துப் பார்த்தார்.

“என்னம்மா, வீட்டுக்கு வந்தானா?”

“இல்ல சார்.”

“போன்ல பேசினானா?”

“ஒரு ரிங் விட்டு கட் பண்ணிடுவான் சார்.”

“மிஸ்டு காலுக்கு ஜெயில்னா, பெங்களூர்ல பாதிப்பேரு உள்ளதான் இருக்கணும். என் சம்சாரமும் சேர்த்து. பேசினா வா, எழுதிக்கிறேன்.”

அவள் எழுந்தபோது கைக்குள் போன் அடித்தது. அவன்தான். அந்தக் குரலைக் கேட்காமல் இருக்கத்தான் கோர்ட்டுக்கே நடந்தாள். யோசித்தால் கட் ஆகிவிடும். பச்சைப் பட்டனை அமுக்கி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்.

“என்னாடி, எடுத்துட்ட?” அப்புறம் மெதுவாக, “எவ்ளோ நேரம் ஸ்டேஷன்ல குந்திருப்ப? வெளிய வந்துதான ஆவணும். எதிர் டீக்கடையிலதான் கீறேன்.”

மஞ்சுநாத் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது கிளாரன்ஸின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது.

“சார், நான் மிஸ்டு கால்தான் குடுத்தேன். எடுத்தது அவ. அவளக் கேளுங்க.”

“ஜட்ஜ் கேப்பாரு, உக்காருப்பா.”

புகாரை எழுதி அவள் பக்கம் தள்ளினார். பேனா எழுதவில்லை. இழுத்துப் பார்த்தாள், காகிதம்தான் கிழிந்தது.

“பெயில்ல வர எத்தினி நாளு ஆவும் சார்?” கிளாரன்ஸ் கேட்டது ஏட்டை, பார்த்தது அவளை.

“வேற பேனா குடுங்க சார்,” என்றாள் பிரிஜெட்.