அப்பா யாரையும் அடிக்காத படம்

நூற்றுப் பதினெட்டுப் படங்களில் நடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே வேலைதான்: முதலில் நான் நாலு பேரை அடிப்பேன், பிறகு ஹீரோ என்னை அடிப்பார். உடம்பைப் பார்த்து யூனிட்டில் எனக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். அடியாளாகவே இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளியிலிருந்து வரும் வரை.

"ஓடிப் பிடிக்கிறதுல என்னை யாரும் பிடிக்கவே மாட்டேங்கிறாங்கப்பா. நீங்க வந்து அடிப்பீங்களாம். ஒரு படத்துலயாவது யாரையும் அடிக்காம வாங்க."

சிரித்து மழுப்பினேன். ஆனால் அவள் சொன்னதை மறக்க முடியவில்லை.

அந்த வாரமே ஒரு போர்ப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்த மருத்துவச் சிப்பாய், குண்டு மழைக்கு நடுவே பன்னிரண்டு பேரைச் சுமந்து காப்பாற்றுகிற கதை. கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். ஃபைட் மாஸ்டரிடம் ஓடினேன்.

"மாஸ்டர், அடிபட்டுக் கிடக்கிற பன்னெண்டு பேர்ல என்னையும் போட்டுடுங்க."

"உன்னை யாருப்பா தூக்குறது, கிரேனா?"

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிறேன் மாஸ்டர்."

"மூச்சா உன் எடை? போய் எதிரிப்படை டிரஸ் வாங்கிக்கோ."

விடுவேனா? என் நச்சரிப்புத் தாங்காமல் ஒத்திகையில் ஒரே ஒரு தடவை படுக்க வைத்தார். ஹீரோ நல்ல பிள்ளை. குனிந்து என்னை அள்ளித் தோளில் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நான் தரையிலேயேதான் கிடந்தேன். அவர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். யூனிட்டே என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தது. மெல்ல நழுவப் பார்த்தேன். மாஸ்டர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போற? கெடுத்தது நீதானே, நீயே தூக்கு."

மருத்துவச் சிப்பாயின் பட்டையைக் கையில் கட்டி, முகமெல்லாம் சேறு பூசினார்கள். ஹீரோவைப்போல இரண்டு மடங்கு இருக்கிறானே என்று டைரக்டர் தலையில் கைவைத்தார். புகையைக் கூட்டிக்கொள்கிறேன் என்றார் கேமராமேன். பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகச் சுமந்தேன். என் முதுகு மட்டும்தான் தெரியும், முகத்துக்கு ஹீரோ.

படம் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன்.

"இதுல நான் யாரையும் அடிக்கல, தெரியுமா?"

"நீங்க வரவே இல்லன்னா அது சேர்த்தி இல்லப்பா."

யாரையும் அடிக்காமல் நடித்த ஒரே படம், அதிலும் நான் இருப்பதை நானே சொன்னால்தான் உண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. பாப்கார்ன் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

திரையில் புகை கிளம்பியது. முதல் ஆளைச் சுமந்து வந்து இறக்கினேன். இரண்டாவது ஆளை இறக்கும்போது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இது நீங்கதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கீழ விடும்போது தலைக்கு அடியில கை வெக்கிறீங்களே. என்னைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெக்கும்போதும் அப்படித்தானே வெப்பீங்க."

திரையைப் பார்த்தேன். மூன்றாவது ஆள், நான்காவது ஆள், எல்லோர் தலைக்கும் அடியில் என் கை இருந்தது. மாஸ்டர் அப்படிச் சொல்லித் தரவில்லை. நான் செய்ததே எனக்குத் தெரியாது. கண் நிறைந்துவிட்டது.

நான் துடைத்துக்கொள்வதற்குள் அவள் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"அங்க தூக்குறாரே, அது எங்கப்பா."