உப்புக்கண்

கோட்டைக்குப்பத்தில் நண்டு வலை போடும் தாமோதரனுக்கு யாருடைய கையையாவது பிடித்தால் சில சமயம் ஏதாவது தெரிந்துவிடும். எப்போதும் இல்லை, விக்கல் மாதிரி, வந்தால் உண்டு. நல்லதாக ஒன்றும் தெரிந்ததில்லை. தருமலிங்கத்தின் படகு எஞ்சின் காணாமல் போனபோது, அது அவருடைய மச்சான் வீட்டுக் கொட்டகையில் இருப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டான். எஞ்சின் கிடைத்தது. அதற்குப் பிறகு தருமலிங்கமும் அவனோடு பேசுவதில்லை, மச்சானும் பேசுவதில்லை. அன்றிலிருந்து கல்யாண வீட்டில்கூடத் தூரத்தில் நின்றே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவான்.

இந்தக் கதை எப்படியோ சென்னையில் ஹேமந்த் என்ற இயக்குநரின் காதுக்குப் போனது. அவரிடம் படம் எடுக்க ஆட்கள் இருந்தார்கள், கேமரா இருந்தது. கதை மட்டும்தான் இல்லாமல் இருந்தது. முப்பது பேர், மூன்று கேரவன், புகை விடும் எந்திரம் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். படத்தின் பெயர் 'உப்புக்கண்'. குப்பத்தில் எல்லோரும் அதை உப்புக்கண்டம் என்றே சொன்னார்கள்.

தாமோதரன் வர மாட்டேன் என்றான். அவன் மனைவி கோவிந்தம்மாதான் விடவில்லை. "இன்னாய்யா, காத்து அடிக்கிது, வலையும் போடல. சும்மா குந்தினு கீறதுக்கு அவங்க கூடப் போய் நில்லேன்."

போய் நின்றான். ஹேமந்த் நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்: "அண்ணே, உங்களுக்குத் தெரியவரும்போது உடம்பு எப்படி ஆகும்?"

"ஒண்ணும் ஆவாது சார்."

"கண்ணு மேல செருகுமா?"

"இல்ல சார்."

"மூக்குல ரத்தம்?"

"எதுக்கு சார் ரத்தம்? சளி புடிச்சிருந்தா மூக்கு ஒழுவும், அவ்ளோதான்."

ஹேமந்துக்கு வருத்தமாகிவிட்டது. இப்படிப்பட்ட வரம் பெற்ற மனிதன் அதற்கான எந்த முயற்சியும் எடுக்காமல் பீடி குடித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுப்பின்மையாகப் பட்டது. தாமோதரனாக நடிக்க வந்த பிரதாப் அன்றே கண்ணைச் செருகிப் பழக ஆரம்பித்தான். மாலைக்குள் இரண்டு கண்ணும் சிவந்து, சொட்டு மருந்து வாங்கப் பொன்னேரிக்கு வண்டி போனது.

நான்காம் நாள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகுக் காட்சி. கதாநாயகி நந்தினி, இருபது வயதுப் பெண், படகில் கால் வைக்கும்போது சறுக்கினாள். பக்கத்தில் நின்ற தாமோதரன் யோசிக்காமல் அவள் கையைப் பிடித்துவிட்டான்.

கலங்கிய தண்ணீர். கவிழ்ந்த படகின் அடிப்பாகம். வாய் நிறைய மணல்.

கையை விட்டுவிட்டு மெல்லக் கேட்டான்: "உனுக்கு நீச்சல் தெரியாது இல்லம்மா?"

அவள் முகம் வெளுத்தது. "சார்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா. தெரியும்னு சொல்லித்தான் சான்ஸ் வாங்கினேன். இது என் முதல் படம்."

சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. கடைசியில் தாமோதரன் நேராக ஹேமந்திடம் போனான்.

"சார், அந்தப் பொண்ணைப் படகுல ஏத்தாதீங்க. படகு கவுந்துடும்."

ஹேமந்தின் முகம் மலர்ந்தது. "அண்ணே! இதையே கேமரா முன்னாடி சொல்லுங்க. கொஞ்சம் நடுங்கிக்கிட்டே."

மூன்று முறை சொல்ல வைத்தார்கள். மூன்றாவது முறை தாமோதரனுக்கு நிஜமாகவே குரல் நடுங்கியது, ஓகே ஆனது. பிறகு நந்தினியை மட்டும் படகில் ஏற்றினார்கள். மிதவைச் சட்டை போட்டால் உடம்பு பருமனாகத் தெரிகிறது என்று அதையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்த நேரம். குறுக்கே வந்த ஓர் அலை படகைப் புரட்டிப் போட்டது. தாமோதரன் குதித்தான். அவன் நந்தினியின் முடியைப் பிடித்து இழுத்து வர, வேடிக்கை பார்க்க வந்திருந்த கோவிந்தம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இருவரையும் கரைக்கு இழுத்தாள். கரையில் ஹேமந்த் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"கட் பண்ணாதீங்க! யாரும் கட் பண்ணாதீங்க!"

மணலும் தண்ணீருமாகக் கக்கி முடித்த நந்தினி, கண் திறந்ததும் இயக்குநரைத் தேடி, "சாரி சார்" என்றாள்.

"சூப்பர்மா," என்றார் அவர்.

படம் வருமுன்பே தாமோதரன் நடுங்கிக்கொண்டு சொன்ன காட்சி, சொன்னபடியே படகு கவிழ்ந்த செய்தியோடு, எல்லோருடைய செல்போனிலும் வந்துவிட்டது. மீஞ்சூரிலிருந்தும் அனுப்பம்பட்டிலிருந்தும் ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். பையனுக்கு வேலை எப்போது, மருமகள் எப்படி என்று கேட்டார்கள். தாமோதரன் பொழுது விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் ஓடினான்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, புருஷனும் பெண்டாட்டியும் பொன்னேரிக்குப் போய்ப் பார்த்தார்கள். படகு கவிழும் காட்சியில் கைதட்டல். பின் வரிசையில் ஒருவன் சலித்துக்கொண்டான்: "எல்லாம் கிராபிக்ஸ் மச்சி. அந்த மீன்காரன் வீடியோவும் செட்டப்தான்." சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

கோவிந்தம்மா எழுந்தேவிட்டாள். "இன்னாடா கிராபிக்ஸு? என் பொடவை தண்ணியோட போச்சுடா!"

தாமோதரன் அவளைப் பிடித்து உட்கார வைத்தான். "வுடு. அப்பிடியே நெனைக்கட்டும்." நாளை முதல் வாசலில் ஒருவரும் நிற்கப்போவதில்லை என்பது யார் கையையும் பிடிக்காமலே அவனுக்குத் தெரிந்தது. பல மாதத்துக்குப் பிறகு காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான்.

படத்தின் முடிவில், தாமோதரனாக நடித்த பிரதாப் கண் செருகி, மூக்கில் ரத்தம் வழிய, கதாநாயகியின் மடியில் செத்துப்போனான். கோவிந்தம்மா வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்து பாப்கார்னை நீட்டிய புருஷனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.